காவகாவா அந்துப்பூச்சியைத் தேடிப் பதிவு செய்வது எப்படி: இலைத் துளையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்துக் காட்டில் அந்துப்பூச்சி பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வெள்ளைத் துணியையும் விளக்கையும்தான் எடுத்துவைக்கிறார்கள். இரவு முடியும்போது கைபேசியில் நூறு படம் இருக்கும். ஒன்றுக்கும் பெயர் தெரியாது. அடுத்த வாரம் கூப்பிட்டால் வரமாட்டார்கள். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் என்னோடு வருகிறவர்களுக்கு வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். முதலில் செடி, அடுத்து துளை, அப்புறம் புழு. விளக்கு கடைசியில்தான்.

இந்த வரிசைக்கு மிகவும் பொருந்தி வருகிற பூச்சி காவகாவா லூப்பர். அறிவியல் பெயர் கிளியோரா ஸ்கிரிப்டாரியா. உலகத்தில் நியூசிலாந்தில் மட்டுமே உண்டு. வடக்குத் தீவு, தெற்குத் தீவு இரண்டிலும் இருக்கிறது. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ இரண்டு விரல் அகலம்தான் வரும். இதன் புழு காவகாவா என்ற செடியின் இலையில் துளை போட்டுத் தின்னும். அந்தத் துளை பகலிலேயே கண்ணுக்குத் தெரியும். இருட்டில் எங்கே தேடுவது என்ற கேள்விக்குப் பகலிலேயே பதில் தருகிற பூச்சிகள் மிகவும் குறைவு. அதனால்தான் தொடங்குகிறவர்களுக்கு இதையே சொல்கிறேன்.

1. கிளம்புவதற்கு முன்: அனுமதி, காலணி, பருவம்

பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் பொதுவாக அனுமதி தேவையில்லை. எதையாவது எடுத்துவருவது வேறு விஷயம். டிபார்ட்மென்ட் ஆஃப் கன்சர்வேஷன் என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிர்வகிக்கும் காடுகளிலிருந்து ஒரு புழுவையோ ஓர் இலையையோகூட அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. நகராட்சிப் பூங்காக்களிலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலம் என்றால், உள்ளே நுழைவதற்கே அந்த மக்களிடம் கேட்க வேண்டும். புழுவை வளர்த்துப் பார்க்க ஆசை இருந்தால் சொந்தத் தோட்டத்திலோ நண்பர் வீட்டுத் தோட்டத்திலோ தொடங்குங்கள். காவகாவா வீட்டுத் தோட்டங்களில் நன்றாக வளரும் செடிதான்.

காலணியைக் கழுவுவதைச் சிறிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்லாந்திலும் அதற்கு வடக்கிலும் உள்ள காடுகளில் கௌரி மரங்களைக் கொல்லும் நோய் மண் வழியாகப் பரவுகிறது. ஃபைட்டோஃப்தோரா அகதிடிசிடா என்ற நுண்ணுயிர்தான் காரணம். செருப்பில் ஒட்டிய சிறிது சேறு போதும், அது அடுத்த காட்டுக்குப் போய்விடும். பாதை தொடங்கும் இடத்தில் பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருப்பார்கள். முதலில் சேற்றைத் தேய்த்து எடுங்கள், அப்புறம் மருந்தடியுங்கள். சேற்றின் மேலேயே மருந்தடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மருந்து சேற்றுக்குள் இறங்காது.

ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள வைட்டாகெரே மலைக்காட்டில் 2017 டிசம்பரில் தே கவெராவ் ஆ மாகி என்ற மாவோரிக் குலத்தார் ராஹுயி என்ற தடையை அறிவித்தார்கள். அதன் பிறகு மூடிய பாதைகளைப் படிப்படியாகத்தான் திறந்துவருகிறார்கள். எது திறந்திருக்கிறது என்று கிளம்பும் அன்றே பாருங்கள். போன வருடம் போன நினைவை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே டிசம்பர் கோடை, ஜூன் குளிர். கோடை இரவு இதமானது, பூச்சி நடமாட்டமும் அதிகம். ஆனால் டிசம்பர் கடைசியில் வெலிங்டனில் பொழுது சாய்வதே 9 மணியை ஒட்டித்தான். நன்றாக இருட்ட இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகள் அதற்குள் தூங்கி விழுந்துவிடுவார்கள். பிள்ளைகளோடு போவதென்றால் ஏப்ரல் நல்லது. ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன் பிறகு மாலை 7 மணிக்கெல்லாம் இருட்டு கிடைக்கும், காடும் இன்னும் கடுங்குளிருக்குப் போயிருக்காது.

எடுத்துப்போக வேண்டியவை: நெற்றியில் கட்டும் டார்ச், கையில் பிடிக்கும் இன்னொரு டார்ச், கைபேசி, அதில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், சிறிய அளவுகோல், பென்சில், நோட்டு. பேனா வேண்டாம். ஈரத்தில் மை கரைந்துவிடும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

2. செடியைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு படியில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காவகாவா மிளகுக் குடும்பத்துச் செடி. வெற்றிலைக்கும் மிளகுக்கும் நெருங்கிய உறவு. இதய வடிவ இலை, காம்பிலிருந்து விசிறிபோல் விரியும் நரம்புகள், முட்டி முட்டியாக வீங்கிய கணுக்கள். வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்களுக்குக் கண் தானாக அங்கே போய்விடும். என் அம்மா முதல்முறை பார்த்தபோது "வெத்தலைச் செடி மாதிரி இருக்கே" என்றார். பெயர்ப்பலகையைப் படிக்கவே இல்லை.

வேறுபாடும் உண்டு. வெற்றிலை கொடி, காவகாவா நிமிர்ந்து வளரும் புதர், சில இடங்களில் சிறு மரம். தண்டு கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி. பெண் செடியில் திப்பிலி போன்ற காய்கள் மேல்நோக்கி நிற்கும், பழுத்தால் ஆரஞ்சு நிறமாகும்.

வடக்குத் தீவு முழுக்கத் தாழ்ந்த காடுகளில், மர நிழலில் கிடைக்கும். தெற்குத் தீவில் வடக்குப் பகுதிகளிலும், கிழக்குக் கரையில் பாங்க்ஸ் தீபகற்பம் வரையிலும் உண்டு. கடும்பனி தாங்காத செடி. அதனால் உயர்ந்த மலைகளிலும் பனி உறையும் பள்ளத்தாக்குகளிலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெலிங்டன்காரர்கள் முதல் பயிற்சிக்கு ஓட்டாரி-வில்டன்ஸ் புஷ் போகலாம். நியூசிலாந்தின் சொந்தச் செடிகளுக்கென்றே உள்ள தாவரத் தோட்டம் அது. பெயர்ப்பலகையோடு பார்த்துப் பழகியபின் காட்டில் தவறாது.

அடிக்கடி நேரும் தவறுகள் இரண்டு. ஒன்று, நர்சரியில் விற்கும் பெரிய, மினுமினுப்பான இலை கொண்ட உறவுச் செடியை வாங்கிவைத்துக் காத்திருப்பது. காட்டில் காணும் சாதாரணக் காவகாவாவையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, காரம் இருக்கிறதா என்று மென்று பார்த்து அடையாளம் காண்பது. காவகாவா இலை காரமாகத்தான் இருக்கும், நாக்கு லேசாக மரத்தும் போகும். ஆனால் அது காவகாவாதான் என்று தெரியாத நிலையில் ஓர் இலையை வாயில் வைக்கவே கூடாது.

3. துளையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். பெரும்பாலானவர்கள் இதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் தவிக்கிறார்கள்.

காவகாவா லூப்பர் இலையின் நடுப்பரப்பில் துளை போடும். ஆணி அடித்ததுபோல் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் பல துளைகள், ஒரே இலையில் பத்து, பதினைந்துகூட இருக்கும். விளிம்பிலிருந்து மட்டும் கடித்திருந்தால் வேறு யாராவது தின்றிருக்கலாம். நத்தை தின்ற இலையில் பசை காய்ந்த பளபளப்பு இருக்கும். காற்றில் உரசிக் கிழிந்தது நரம்பு வாக்கில் நீளமாகப் போகும்.

அடுத்ததாக, துளையின் வயது. காவகாவா இலை உதிராமல் நெடுநாள் செடியிலேயே இருக்கும். போன பருவத்தில் போட்ட துளை இன்றும் தெரியும். அதனால் துளை நிறைந்த செடியில் புழு இருந்தே தீரும் என்று எண்ண வேண்டாம். விளிம்பைப் பாருங்கள். பழைய துளையின் விளிம்பு பழுப்பாகி, தழும்புபோல் தடித்திருக்கும். புதிய துளையின் விளிம்பு பச்சையாக, மெல்லியதாக, வெட்டிய ஈரத்தோடு இருக்கும். இளம் இலையில் விழுந்த துளை, இலை வளர வளரத் தானும் பெரிதாகும். ஆகவே பெரிய துளை என்றால் பெரிய புழு என்றும் கணக்குப் போட முடியாது.

மூன்றாவது அடையாளம் எச்சம். புதிய துளை உள்ள இலைக்கு நேர் கீழே உள்ள இலையைப் பாருங்கள். கடுகை உடைத்துத் தூவியதுபோல் கரும்பச்சைத் துணுக்குகள் கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது. மழைக்கு அடுத்த நாள் இதைத் தேடிப் பயனில்லை, எல்லாம் கழுவிப்போயிருக்கும். மழை ஓய்ந்து இரண்டு இரவு கழித்து வாருங்கள். அப்போது கிடக்கிற எச்சம் அந்த இரண்டு இரவுகளுடையது என்று துணிந்து சொல்லலாம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் வைக்கும் பயிற்சி இது. ஒரு செடியில் இருபது இலைகளை எண்ணி, புதுத் துளை உள்ளவை எத்தனை, பழையவை எத்தனை, துளையே இல்லாதவை எத்தனை என்று நோட்டில் எழுதச் சொல்வேன். முதல் ஐந்து இலைக்கு ஒவ்வொன்றிலும் தயங்குவார்கள். பதினைந்தாவது இலைக்கு வரும்போது கேட்காமலே பிரித்துவிடுவார்கள்.

இன்னொரு செய்தியும் மனத்தில் இருக்கட்டும். மாவோரி வைத்தியத்தில் காவகாவா முக்கியமான மூலிகை. துளை நிறைந்த இலையைத்தான் அவர்கள் விரும்பிப் பறிப்பார்கள். தேநீருக்கோ களிம்புக்கோ இலை பறிக்கிறவர்கள் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பறியுங்கள். அங்கே புழு ஒட்டியிருந்தால் அந்த இலையை விட்டுவிடுங்கள்.

4. ஐந்து செடிகளைப் பகலிலேயே தேர்ந்தெடுங்கள்

ஐந்து போதும். பாதையோரமாக, கைக்கெட்டும் உயரத்தில், புதுத் துளையும் எச்சமும் உள்ள செடிகள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பாதையிலிருந்து எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கட்டுவதென்றால் திரும்பும்போது அவிழ்த்து எடுத்துவர வேண்டும்.

பகலில் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் ஒங்காஒங்கா. அது நியூசிலாந்தின் மரக் காஞ்சொறி. இலை ஓரத்திலும் நரம்பிலும் வெள்ளை முட்கள் நிற்கும். நம் ஊர்ச் செந்தட்டி பட்டால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இது அப்படியல்ல, மரப்பும் வலியும் நாள்கணக்கில் நீடிக்கும். இதில் சிக்கி 1961-இல் ஒருவர் இறந்தும் போயிருக்கிறார். காவகாவா வளரும் கரையோரக் காடுகளின் ஓரத்தில் இதுவும் வளரும். இருட்டில் இலையைத் திருப்பக் கை நீட்டும் வேலை நம்முடையது. அதனால் பக்கத்தில் ஒங்காஒங்கா உள்ள செடியைப் பகலிலேயே கழித்துவிடுங்கள்.

கோடைக் கடைசியில் தரையில் குளவிக் கூடுகளும் இருக்கும். ஒரே பொந்துக்குள் குளவிகள் போய்வந்துகொண்டிருந்தால் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். பாம்பு பயம் மட்டும் வேண்டாம். இந்த நாட்டுக் காட்டில் பாம்பே கிடையாது. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இதைக் கேட்டபிறகுதான் நிம்மதியாக நடப்பார்கள்.

5. இரவில் புழுவைத் தேடுதல்

நன்றாக இருட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். பகலில் இந்தப் புழு தண்டோடு ஒட்டிச் சுள்ளிபோல் அசையாமல் இருக்கும். இருட்டிய பிறகுதான் இலைக்கு நகர்ந்து தின்னத் தொடங்கும். அசைவு இருந்தால்தான் நம் கண்ணுக்கு அகப்படும்.

செடியை நெருங்கியதும் தொடாதீர்கள். கிளை அதிர்ந்தால் சில புழுக்கள் நூல் விட்டுக் கீழே இறங்கிவிடும், சில விறைத்து நிற்கும். இரண்டடி தள்ளி நின்று டார்ச்சைப் பக்கவாட்டில், செடியின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். நெற்றி டார்ச் நேராக அடிப்பதால் நிழல் விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டு ஒளியில் புழுவின் நிழல் நீண்டு விழும். நான் முதலில் நிழலைத்தான் தேடுவேன்.

கண்ணை நகர்த்தும் வரிசையையும் சொல்கிறேன். முதலில் புதுத் துளையுள்ள இலையின் விளிம்பு. அடுத்து அந்த இலையின் அடிப்பக்கம், குனிந்து கீழிருந்து பார்க்க வேண்டும். பிறகு இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணம். கடைசியாகத் தண்டு. கணுவில்லாத இடத்தில் ஒரு சுள்ளி சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். காவகாவாவில் கிளை கணுவிலிருந்துதான் புறப்படும். வேறு இடத்தில் முளைத்த சுள்ளி புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நடையைப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஆமணக்கிலும் நிலக்கடலையிலும் வரும் காவடிப்புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் முதுகை வளைத்து, பின்பகுதியை முன்பகுதிக்கு இழுத்து, மறுபடி நீட்டி நடக்கும். நடுவில் கால் இல்லாததால்தான் அப்படி நடக்கிறது. மார்பில் மூன்று இணை உண்மைக் கால்கள். பின்பக்கம் இரண்டே இணை போலிக்கால்கள். நடுவயிற்றிலும் நான்கு இணை போலிக்கால்கள் தெரிந்தால் அது வேறு குடும்பம்.

நிறத்தை நம்ப வேண்டாம். பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். "படத்தில் பழுப்பு, இது பச்சை, அப்படியானால் இது இல்லை" என்று கண்முன் இருந்ததை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

குச்சிப்பூச்சியைப் புழு என்று எடுத்துக்கொள்வதும் நடக்கும். குச்சிப்பூச்சிக்கு நீண்ட ஆறு கால்கள் இருக்கும், வளைந்து நடக்காது. மர வேட்டாவும் இரவில் இலை தின்ன வரும். பெரிய வெட்டுக்கிளி போன்ற உருவம், பின்காலில் முள். அதை எடுக்காதீர்கள், அதன் வழியில் விட்டுவிடுங்கள்.

ஒரு செடிக்குப் பத்து நிமிடம் வையுங்கள். ஐந்து செடிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஒரு செடிக்கு இரண்டு நிமிடம் என்று இருபத்தைந்து செடியைச் சுற்றிவருகிறவர்களைவிட, ஒரே செடி முன்னால் பொறுமையாக நிற்கிறவர்கள் அதிகம் பார்க்கிறார்கள்.

6. படம் எடுக்கும் வரிசை

தொட்டபின் புழுவின் நிலை மாறிவிடும். அதனால் தொடாமல் எடுக்க வேண்டியவை முதலில். செடி முழுவதும், புழு இருக்கும் இலை, புழுவின் பக்கவாட்டுத் தோற்றம், தலை, பின்பக்கப் போலிக்கால்கள், இந்த வரிசையில் எடுங்கள். அளவுகோலை அருகே வைப்பது கடைசி. பலர் முதலிலேயே புழுவின் நெருக்கப் படத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் செடி எது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பெயர் சொல்ல உதவி செய்கிறவர் முதலில் கேட்பதே செடியைத்தான்.

படம் எடுத்ததும் நோட்டில் செடி எண், நேரம், புழு என்ன செய்துகொண்டிருந்தது என்று மூன்றையும் எழுதிவிடுங்கள்.

7. புழுவை வளர்த்துப் பார்ப்பது

கட்டாயமில்லை. ஆனால் இந்தப் புழுதான் இந்த அந்துப்பூச்சியாகிறது என்று கண்ணால் காண வேறு வழி கிடையாது. சொந்தத் தோட்டத்துச் செடியிலிருந்து ஒன்று, அதிகம் போனால் இரண்டு எடுங்கள்.

உள்ளங்கை அகலப் பெட்டி போதும். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். நான் முதல்முறை இறுக்கமான மூடி போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் உள்ளே நீர் முத்து கோர்த்து, எச்சத்தில் பூஞ்சை பிடித்து, புழு இறந்துவிட்டது. காற்றும் சுத்தமும்தான் முதல் தேவை. அடியில் டிஷ்யூ விரித்து எச்சத்தைத் தினமும் கொட்டிவிடுங்கள்.

புழுவை எடுத்த அதே செடியிலிருந்து இலை கொடுங்கள். கடையில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். காம்பைச் சின்னக் குப்பித் தண்ணீரில் வைத்தால் வாடாது. ஆனால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்தாக வேண்டும், இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். பெட்டியை வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள்.

புழு தின்பதை நிறுத்தி, சுருங்கி, அடியில் இங்குமங்கும் அலைந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று பொருள். அதற்கு முன்பே அடியில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஈரமண்ணும் மேலே உலர்ந்த சருகும் போட்டிருக்க வேண்டும். மண்ணைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளே போனதும் தோண்டிப் பார்க்காதீர்கள். வெளிவர வாரங்கள் ஆகும், குளிர்காலம் என்றால் இன்னும் தள்ளிப்போகும். தினமும் தோண்டியவர்களின் கூட்டுப்புழு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பெட்டிக்குள் சொரசொரப்பான இரண்டு குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். வெளிவந்த அந்துப்பூச்சி ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏற முடியாமல் இறக்கை கசங்கியபடியே காய்ந்துபோன ஒன்றை நான் பார்த்தேன். அது பறக்கவே இல்லை. அன்றிலிருந்து குச்சிதான் நான் முதலில் வைக்கும் பொருள்.

சில சமயம் அந்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவியோ ஈயோ வெளிவரும். புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள் அவை. ஏமாற்றம் வேண்டாம், அதையும் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். எந்தக் குளவி எந்தப் புழுவில் வளர்கிறது என்று வளர்த்துப் பார்த்தவர்களால்தான் சொல்ல முடியும்.

அந்துப்பூச்சி வந்தால் படம் எடுத்துவிட்டு, அன்று இரவே எடுத்த செடிக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். வேறு ஊரில் விடக் கூடாது.

8. இப்போது விளக்கு

நிலவில்லாத, காற்றில்லாத, மேகமூட்டமான, புழுக்கமான இரவு நல்லது. தெளிந்த குளிர் இரவில் பூச்சி பறப்பது குறைவு. வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டு கம்புக்கு நடுவில் கட்டி, அடிப்பாகத்தைத் தரையிலும் விரித்துவிடுங்கள். துணியில் மோதிக் கீழே விழும் பூச்சிகள் மிதிபடாமல் இருக்க அது உதவும். புற ஊதா எல்இடி விளக்கு அதிகம் இழுக்கும். அதை நேராகப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்கவிடாதீர்கள்.

துணியைக் காவகாவா செடிகளுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். துணியை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள மரப்பட்டையையும் வேலிப் பலகையையும் பாருங்கள். இந்த அந்துப்பூச்சி இறக்கையைத் தட்டையாக விரித்துப் பட்டையோடு ஒட்டி உட்காரும். துணிக்கு வராமல் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் விசிறிவாலி போன்ற பறவைகள் வந்து துணியில் இருப்பவற்றைக் கொத்திப்போகும். அணைத்தபின் துணியை உதறாமல், பூச்சிகளை மெதுவாகத் தட்டிப் புதருக்குள் விடுங்கள்.

9. இறக்கையைப் பார்த்து உறுதி செய்தல்

ஸ்கிரிப்டாரியா என்ற பெயருக்குள் எழுத்து என்ற பொருள் இருக்கிறது. வெளிர் சாம்பலோ பழுப்போ ஆன இறக்கையில், மையில் கிறுக்கியதுபோல் ரம்பப்பல் வடிவக் கருங்கோடுகள் ஓடும். முன் இறக்கையிலும் பின் இறக்கையிலும் கோடு தொடர்வதைப் பாருங்கள். ஆண் பூச்சியின் உணர்கொம்பு இறகுபோல் இருக்கும். பெண்ணுக்கு நூல்போல் இருக்கும்.

இங்கேதான் கவனம் தேவை. நிறமும் கோட்டின் அழுத்தமும் பூச்சிக்குப் பூச்சி மாறும். அதோடு, இதே குடும்பத்தில் தோற்றம் நெருங்கிய உள்ளூர்ப் பூச்சிகள் பல உண்டு. சூடோகோரேமியா இனங்கள், அதிலும் சுவாவிஸ் என்னும் பொதுக் காட்டு லூப்பர், காட்டில் சாதாரணமாக வரும். அதுவும் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஜெல்லோனியா டிஜெக்டாரியா இன்னொன்று. வெறும் நிறத்தை வைத்து முடிவு செய்தால் தவறிவிடும்.

அதனால் மேலிருந்து, இறக்கை நான்கும் தெரியும்படி ஒரு படம், உணர்கொம்பு தெரியும்படி ஒரு படம், முடிந்தால் அடிப்பக்கம் ஒன்று என எடுங்கள். இருந்தும் சந்தேகம் என்றால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். ஜியோமெட்ரிடே என்று மட்டும் எழுதிய பதிவு யாரையும் தவறான வழியில் அனுப்பாது.

10. பதிவேற்றம்

இங்கே எல்லோரும் பயன்படுத்துவது ஐநேச்சுரலிஸ்ட் நியூசிலாந்து தளம். பதிவேற்றும் முன் கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கேமராவில் இந்திய நேரம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் ஏழரை மணி நேர வேறுபாடு. இரவு ஒன்பதரைக்கு எடுத்த படம் பிற்பகல் 2 மணி என்று பதிவாகும். இரவில் தின்னும் புழு பட்டப்பகலில் தின்றதாகப் பதிவாகிவிடும்.

ஒரு பூச்சிக்கு ஒரு பதிவு. அதே பூச்சியின் எல்லாப் படங்களும் அந்த ஒரே பதிவுக்குள் போக வேண்டும். ஐந்து பூச்சிகளை ஒரே பதிவில் போட்டால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. எந்தச் செடியில் இருந்தது என்று குறிப்பில் எழுதுங்கள். வளர்த்து வந்ததென்றால் புழுவைக் கண்ட நாளையும் இடத்தையும் சொல்லி, வீட்டில் வளர்த்தது என்றும் சேருங்கள். நான் அந்துப்பூச்சியின் படத்தைப் புழுவின் பதிவிலேயே சேர்த்துவிடுவேன். இரண்டும் ஒன்றே என்ற சான்று அங்கேயே நிற்கும்.

தளம் தானாகச் சொல்லும் பெயரை அப்படியே அழுத்திவிட வேண்டாம். கிளியோரா இனத்தைச் சேர்ந்த வேறு நாட்டுப் பூச்சிகளின் பெயரும் வரிசையில் வரும். அந்தப் பூச்சி நியூசிலாந்தில் உண்டா என்று வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றும் கிடைக்காத இரவையும் நோட்டில் எழுதுங்கள். தேதி, வெப்பநிலை, காற்று, எத்தனை செடி, எத்தனை நிமிடம், புழு இல்லை. அதே ஐந்து செடிகளுக்கு மாதம் ஒருமுறை போய், இருபது இலை எண்ணிக்கையையும் மறுபடி எடுங்கள். நான்காவது மாதம் புதுத் துளைகளின் எண்ணிக்கை ஏறும்போது, எந்தச் செடிக்கு டார்ச்சோடு போக வேண்டும் என்று உங்கள் நோட்டே சொல்லும்.